நீளமான பெயருள்ள நகரம்

மார்ச் 4

அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டுவிட்டேன். போன் செய்தால் ‘இரு, அக்காகிட்ட குடுக்கிறேன்’ என்று கைமாற்றி விடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதை அக்காவுக்குக் காட்ட வேண்டாம்.

நேற்று டிவியில் உங்கள் வினாடி வினாவைப் பார்த்தேன். தனியாக இல்லை. எங்கள் லிஃப்ட் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில், கழற்றிப் போட்ட மோட்டாருக்குப் பக்கத்தில் டிவியை ஏற்றி வைத்து, ஷிஃப்ட் முடிந்த அத்தனை பேரையும் உட்கார வைத்தேன். ‘எங்க அத்தான், காலேஜ்ல வரலாறு புரொபசர்’ என்று ஒரு வாரமாகத் தம்பட்டம் அடித்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீங்கள் ஆடிய லட்சணத்தை நீங்களே பார்த்திருக்க மாட்டீர்கள். சொல்கிறேன்.

முதல் சுற்று. கேள்வி பாதியில் இருக்கும்போதே விடை உங்களுக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பொத்தானை அழுத்துவதில் ஒவ்வொரு தடவையும் பிந்தினீர்கள். ஒரு விரலால் தட்ட வேண்டியதை இடது உள்ளங்கையால், ஈ அடிக்கிற மாதிரி அடித்தீர்கள். வலது கை முழு நேரமும் பேன்ட் பாக்கெட்டில். போட்டோ ஸ்டுடியோவுக்கா போயிருந்தீர்கள்? பேக்கரி நடத்துகிற அந்தப் பெரியவர் உங்களுக்குத் தெரிந்த கேள்விகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்.

இரண்டாவது சுற்றில் பொத்தான் கிடையாது, வாயால் சொன்னால் போதும். அப்போது மட்டும் புலி. பேக்கரிக்காரரும் பின்னால், உங்கள் பழைய மாணவி என்று நீங்களே பெருமையாக அறிமுகப்படுத்திய வக்கீல் பெண்ணும் பின்னால். எங்கள் ஃபோர்மேன்கூட, ‘பரவால்லப்பா, ஆளு வெயிட்டுதான்’ என்றார்.

கடைசிக் கேள்வி. ‘வரலாறு’ என்று அறிவித்ததும் இருந்த புள்ளிகள் அத்தனையையும் பந்தயம் வைத்தீர்கள். ஒர்க்‌ஷாப்பில் விசில். 1453-ல் ஓட்டோமான் துருக்கியர் பிடித்த தலைநகர் எது, அன்றைக்கு வழங்கிய பெயரை எழுதவும். அத்தான், ஸ்பேனர் பிடிக்கிற எனக்கே அது தெரியும்! ‘கான்ஸ்டான்டிநோபிள்’ என்று கத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பலகையில் பேனாவால் எழுத அரை நிமிடம் கொடுத்தார்கள். உங்கள் பலகையைத் திருப்பினால், ‘கான்’ என்று இரண்டு எழுத்து, அதற்குப் பின்னால் ஒரு கோடு. ‘சார், கான் வரைக்கும் சரி, அதுக்கப்புறம் எறும்பு போயிருக்கே?’ என்று தொகுப்பாளர் கேட்க, அரங்கமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். புள்ளி பூஜ்யம். மாணவி ஜெயித்தாள்.

‘உங்க அத்தான் வரலாற்று வாத்தியாரா, வரலாறு இல்லாத வாத்தியாரா?’ என்று ஃபோர்மேன் இன்று காலையும் கேட்டார்.

என்ன நடந்தது? ஒரு வரியில் பதில் போதும்.

இப்படிக்கு,
மைத்துனன்


மார்ச் 13

தம்பிக்கு,

இருவரும் நலம். நீயும் நலம் என்பது உன் எழுத்தின் சத்தத்திலேயே தெரிகிறது.

ஒரு வரி கேட்டாய்: தோற்றுவிட்டேன்.

டிவியில் தோற்பதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு. உன் ஃபோர்மேனுக்கு என் அனுதாபங்கள். தினமும் உன்னோடு வேலை செய்கிற மனிதர்.

அக்கா உன்னை வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போகச் சொல்கிறாள்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 20

அத்தானுக்கு,

நான் வேலை செய்வது லிஃப்ட் குழிக்குள். அங்கே வெயில் கிடையாது என்று அக்காவிடம் சொல்லுங்கள். மற்றபடி நலம்.

மூன்று வரிக் கடிதத்தை டைப் அடித்துப் பிரின்ட் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கையெழுத்துகூட இல்லை. மின்சார வாரியம் நோட்டீஸ் அனுப்பினால்கூடக் கீழே ஒருத்தர் கிறுக்கியிருப்பார்.

நான் விடுகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சியை இணையத்திலிருந்து இறக்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மோட்டார் அதிர்வைப் பார்ப்பதற்கு நாங்கள் வைத்திருக்கிற மென்பொருளிலேயே போட்டுப் பார்த்தேன். இப்போது எனக்குக் காரணம் தெரியும்.

நீங்கள் பலகையைக் கவிழ்த்து வைத்த பிறகு, பக்கத்துக் கேமராவில் ஒரு காட்சி வருகிறது. எழுதுவதற்காக அந்த நிகழ்ச்சியிலேயே முதல்முறையாகப் பாக்கெட்டிலிருந்து எடுத்த வலது கை இன்னும் வெளியே. மேசை விளிம்பில், மாணவி பக்கம். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடு ஒன்று தட்டுகின்றன. உருட்டுகிற மாதிரி, தட்டுகிற மாதிரி. நொடிக்கு ஐந்து தடவை. சாதாரண ஓட்டத்தில் கவனத்தில் படாது. வேகத்தைக் குறைத்தால் பளிச்சென்று தெரிகிறது.

சிக்னல் கொடுத்திருக்கிறீர்கள். சொந்த விடையைக் கிறுக்கிக் கெடுத்துவிட்டு மாணவிக்கு வழி விட்டிருக்கிறீர்கள். காலேஜ் வாசலில் அவள் படத்தோடு பேனர் கட்டியிருக்கிறார்களாமே, அக்கா போனில் சொன்னாள். பேனரில் உங்கள் பெயரும் உண்டா?

சேனலுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் விளக்கம் வரும் வரை அனுப்ப மாட்டேன்.

மைத்துனன்


மார்ச் 31

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். மூளையைப் பற்றி விசாரிப்பது தாமதம் என்று நினைக்கிறேன்.

புகாரை அனுப்பாதே.

இதை மிரட்டலாகவும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டுகோளாகவும் எடுத்துக்கொள்ளலாம். சேனலுக்குப் போகிற எதுவும் கல்லூரிக்கு வரும். ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். என்னைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால் போதும், எனக்கு வகுப்பு இருக்காது. வகுப்பு இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் தானாக எழுதி ஜெயித்தாள். அவளை இதில் இழுத்தால் உன்னோடு பேச்சு இல்லை.

விளக்கம் தர மாட்டேன். உனக்குத் தர வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. என் கல்யாணத்தன்று மைக் செட் வேலை செய்யவில்லை என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேள்வி கேட்டவன் நீ. அப்போதும் உனக்கு வயர்தான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

அத்தான்


ஏப்ரல் 6

அத்தானுக்கு,

நலம். இது சின்னக் கடிதம்.

தப்பு செய்யாதவன் ‘விசாரிக்காதே’ என்று சொல்ல மாட்டான். எங்கள் வேலையில், பேனலைத் திறக்காதே என்று எந்தக் கட்டடக்காரன் சொல்கிறானோ அங்கேதான் வயர் கருகியிருக்கும்.

புகார் இன்று போய்விட்டது. விரல் தட்டுகிற துண்டை வெட்டி இணைத்திருக்கிறேன்.

மைக் செட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அது உண்மை.

மைத்துனன்


மே 2

அத்தானுக்கு,

நலமா? மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று, பதில் இல்லை. அக்கா போனை எடுப்பதில்லை. ஒரு தடவை எடுத்து, ‘நான் அப்புறம் பேசுறேன்’ என்றாள். அந்த அப்புறம் வரவில்லை.

சேனலிலிருந்து எனக்கு மெயில் வந்தது. புகாரை ஏற்று விசாரணைக்கு எடுத்திருக்கிறார்களாம். உங்களையும் அந்த வக்கீலையும் தனித்தனியாக அழைப்பார்களாம். நான் நேரில் வர வேண்டாமாம், ஆதாரம் போதுமாம். ஃபோர்மேன்தான் சும்மா இல்லாமல், ‘சொந்த அத்தானையே லிஃப்ட் குழிக்குள்ள தள்ளிட்டியேடா’ என்கிறார். நான் யாரையும் தள்ளவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

தப்பு இல்லையென்றால் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். என் மேல் கோபமென்றால் அதையாவது எழுதுங்கள். எழுதாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவுக்கு என்ன ஆயிற்று?

மைத்துனன்


மே 15

டேய்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னை மாதிரி ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது.

‘அக்காவுக்குக் காட்ட வேண்டாம்’ என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். உனக்கு வந்த பதில்களை டைப் அடித்தது யாரென்று நினைத்தாய்? அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். அவர் உன்னைத் திட்டியதில் பாதியை நான் அடிக்கவே இல்லை. உன்னைக் காப்பாற்றி இருக்கிறேன், முட்டாளே.

நேற்று விசாரணை. நானும் போனேன். கண்ணாடி அறை, நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள். மூன்று பேர். மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ‘சார், வேணும்னே கிறுக்கினீங்களான்னு புகார். நீங்க சாதாரணமா எப்படி எழுதுவீங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டா முடிஞ்சது’ என்று ஒரு தாளையும் பேனாவையும் தள்ளினார்கள். அதே விடையை எழுதச் சொன்னார்கள். நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு பேனாவை எடுத்தார்.

அதுக்கப்புறம் அந்த அறையில் நடந்ததை நான் எழுத மாட்டேன். மூன்று பேரில் ஒருத்தர் எழுந்து வெளியே போய்விட்டார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நீதான் வீடியோ பார்க்கிறவனாச்சே. நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவனாச்சே. திரும்பப் போட்டுப் பார். நீ வெட்டி அனுப்பின இடத்தோடு நிறுத்தாமல், முழுசாகப் பார்.

போன் பண்ணாதே.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

பார்த்தேன்.

நான் துண்டை வெட்டிய இடம், அந்தப் பெண் எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைக்கிற இடம். அதோடு எனக்கு வேண்டியது முடிந்துவிட்டது, வெட்டிவிட்டேன். அவள் பேனாவை வைத்த பிறகும் அத்தானின் விரல் நிற்கவில்லை. பலகையைத் திருப்பும்போதும் நிற்கவில்லை. எல்லாரும் சிரிக்கும்போதும், அவரும் சிரிக்கும்போதும், மேசை விளிம்பில் அதே தட்டல். அதே வேகம். எழுதி முடித்தவளுக்கு எதற்கு சிக்னல்?

சிக்னல் என்றால் நடுவில் இடைவெளி மாறும். நீளம், குட்டை, நிறுத்தம் என்று ஏதாவது இருக்கும். ஒரே சீராக ஓடுகிற எதிலும் சேதி இருக்காது. ஒரு மோட்டார் ஒரே சீராக அதிர்ந்தால் அது எனக்கு எதையும் சொல்லவில்லை, பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். நேற்று சேர்ந்த பயிற்சி ஆளுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். மென்பொருள் எனக்கு ஏற்ற இறக்கம் மாறாத ஓர் அலையை வரைந்து காட்டியது. நான் அதைப் பார்த்து மோர்ஸ் தந்தி படித்திருக்கிறேன்.

பாக்கெட்டில் கை. உள்ளங்கையால் பொத்தான். முன்னால் வைத்த தண்ணீர் டம்ளரை நிகழ்ச்சி முடியும்வரை தொடவே இல்லை. எழுத்து போகப் போகச் சின்னதாகிக் கோடாகிவிட்டது. எல்லாம் கண் முன்னால் இருந்தது. இதில் பெரும்பாலானதை நானேதான் எழுதி உங்களுக்கே அனுப்பியிருக்கிறேன்.

எப்போதிலிருந்து இந்த நடுக்கம்? டாக்டர் யார்? வலது கை மட்டுமா, காலும் இழுக்கிறதா?

புகாரை வாபஸ் வாங்கச் சேனலுக்கு எழுதிவிட்டேன். கல்லூரிக்கும் எழுதட்டுமா?

தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

கல்லூரிக்கு நீ ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது. நீ எழுதிய வரைக்கும் போதும்.

இந்தக் கடிதத்தையும் உன் அக்காதான் அடிக்கிறாள். இந்தத் தடவை முழுசாக அடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடிக்கிறாள்.

விசாரணை முடிந்தது. நான் எந்தத் தவறும் செய்யவில்லை என்று அழகான தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். தவறு செய்யவில்லை என்றால் ஏன் கிறுக்கினேன் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு பிரதி கல்லூரிக்கு. என் நல்ல பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையில் அனுப்பினார்களாம். முதல்வர் கூப்பிட்டு, காபி கொடுத்து, ‘ரெஸ்ட் எடுங்க சார், நீங்க நிறைய உழைச்சிட்டீங்க’ என்றார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வகுப்பு போய்விட்டது.

வாபஸ் கடிதம் அனுப்பினாயாம். லிஃப்ட் கீழே விழுந்த பிறகு பிரேக் போடுவது உங்கள் கம்பெனி வழக்கமா?

ஒன்று கேட்டாய், பதில் சொல்கிறேன். இரண்டு வருஷமாக இருக்கிறது. கரும்பலகையில் எழுதுவதைப் படிப்படியாக விட்டேன். பிள்ளைகளை எழுப்பி எழுத வைப்பேன். நல்ல முறை என்று பாராட்டுகூடக் கிடைத்தது. இன்னும் சில வருஷம் ஓட்டியிருப்பேன்.

அன்று காலை கை நன்றாக இருந்தது. மாத்திரை வேலை செய்தது. வரலாறு என்று அறிவித்ததும் ஒரு திமிர் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் நினைத்தார்கள் நான் புள்ளிகளைப் பந்தயம் வைத்தேன் என்று. நான் பந்தயம் வைத்தது வேறு: விடை சின்னதாக வரும் என்று. ரோம் என்று வந்திருந்தால் ஜெயித்திருப்பேன். கெய்ரோ என்றால்கூடச் சமாளித்திருப்பேன். உலகத்தில் இத்தனை ஊர்கள் விழுந்திருக்கின்றன, எனக்கென்று அந்த ஊர் விழுந்தது.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே. படிக்க மாட்டேன்.

அத்தான்


ஜூன் 22

அத்தானுக்கு,

வணக்கம். கேட்கவில்லை, நீங்கள் சொன்னபடி.

பார்சலில் ஒரு பேனா இருக்கிறது. ஒர்க்‌ஷாப் லேத்தில் நானே கடைந்த பித்தளை உறை, உள்ளே கடையில் வாங்கிய சாதாரண ரீஃபில். தடிமனாக, கனமாக இருக்கும். ஒரு பிசியோதெரபிஸ்டின் கிளினிக்கில் லிஃப்ட் சரிசெய்யப் போனபோது கேட்டேன். கனம் சிலருக்குக் கையைக் கொஞ்சம் நிதானப்படுத்தும், சிலருக்கு ஒன்றும் செய்யாது என்றார். பெரிது பெரிதாக, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதிப் பார்க்கச் சொன்னார். அவசரம் கூடாதாம். நான் அவசரத்தைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவன் என்பது தெரியும். அவர் சொன்னதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டு தடவை கடைந்தது சரியில்லை, மூன்றாவதுதான் இது. ஃபோர்மேன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இதை வெச்சு உன் மண்டைல போட்டாலும் தகும்’ என்றார். அதற்கும் பயன்படும்.

வேண்டாமென்றால் திருப்பி அனுப்ப வேண்டாம். மேசைமேல் தாள் பறக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

மைத்துனன்


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

நலமெல்லாம் விசாரிக்க முடியாது. எழுத்து செலவாகும்.

பேனா கனம். உன் வாயைவிடக் குறைவு.

இன்னும் கோபம் போகவில்லை. போகும்போது சொல்கிறேன்.

அரை நிமிடத்தில் கேட்டார்கள். இந்தா:

கான்ஸ்டான்டிநோபிள்

காலையில் தொடங்கினேன். உன் அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறாள்.